கடல் கடந்து வந்த பனிக்கட்டி

சென்னைத் திருவல்லிக்கேணியில் கடற்கரைச் சாலையை நோக்கி, வளைந்த முகப்போடு நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை அறியாதவர் நகரத்தில் மிகச் சிலரே இருப்பர். ஆயினும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு ஐஸ்ஹவுஸ் என்னும் பெயர் வழங்குவதும், அங்குள்ள போலீஸ் நிலையமும் அப்பெயரையே தாங்கி நிற்பதும் எதனால் என்று வினவினால், அந்தக் காலத்தில் அங்கே ஐஸ் வைத்திருந்தார்கள் என்ற அளவோடு பெரும்பாலோர் விடை நின்றுவிடுகிறது. அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது, வெயில் காயும் கடல்களைத் தாண்டி உருகாமல் எவ்வாறு வந்தது, அத்தனை அரும்பாடுபட்டு வளர்த்த வியாபாரம் நாற்பது ஆண்டுகளுக்குள் ஏன் அற்றுப்போயிற்று என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடப் புகுவோமாயின், சரித்திரமும் பௌதிக சாஸ்திரமும் பிரிக்க இயலாதபடி பின்னிக் கிடப்பதைக் காண்போம். திடம், திரவம், ஆவி என்னும் மூன்று நிலைகளுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு பொருள் மாறும்பொழுது நிகழும் உஷ்ணப் பரிமாற்றமே அந்த வியாபாரத்தை வாழவைத்தது. அதுவே பின்னர் அதற்கு முடிவும் கட்டியது.

குளிர்ந்த நீரில் ஆசை இந்நாட்டில் அயல்நாட்டுக் கப்பல்களுக்கு வெகுகாலம் முற்பட்டது. மண்பானையின் நுண்துளைகளிற் கசியும் நீர் ஆவியாகும்பொழுது உள்ளிருக்கும் நீரின் உஷ்ணத்தையும் உடன்கொண்டு போவதால் பானைத் தண்ணீர் கோடையிலும் குளிர்ந்திருப்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வந்த அனுபவம். வெடியுப்பு நீரிற் கரையும்பொழுது சுற்றியுள்ள உஷ்ணத்தை இழுத்துக்கொள்ளும் என்பதை அறிந்து, அக்பர் சக்கரவர்த்தியின் அரண்மனையில் அதனைக்கொண்டு குடிநீரைக் குளிர்வித்த முறையை அபுல் பசல் ‘அயினி அக்பரி’யில் எழுதிவைத்திருக்கிறார்.

வட இந்தியாவிலோ இதனினும் வியக்கத்தக்க ஒரு தொழில் நடந்து வந்தது. அதனை நேரிற் கண்ட ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் விவரித்திருக்கிறார். திறந்த வெளியில் முப்பது அடிச் சதுரமும் இரண்டடி ஆழமுமாகக் குழி வெட்டி, அதில் கரும்பு அல்லது சோளத்தின் உலர்ந்த தட்டைகளை எட்டு அங்குலம் முதல் ஓரடி கனம் வரை பரப்பி, அதன்மேல் கால் அங்குல கனமுள்ள ஆழமற்ற மண்தட்டுகளை நெருக்கமாக வைத்து, காய்ச்சி ஆறிய நீரை அந்தியில் ஊற்றிவிட்டுச் சென்றால், மேகமும் காற்றும் இல்லாத குளிர்கால இரவுகளில் விடியுமுன் அந்நீர் உறைந்து கிடக்கும். சுற்றியுள்ள காற்று உறைநிலைக்கு வராத இரவுகளிலும் இது நிகழ்ந்தது என்பதே இதன் அதிசயம். நீர் ஆவியாவதனாலேயே இக்குளிர்ச்சி உண்டாகிறது என்று முதலிற் பலர் கருதினர். ஆனால் பனித்துளியைப் பற்றி 1814இல் நூல் எழுதிய வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் வைத்தியர், தட்டைகள் நனைந்துவிட்டால் ஐஸ் உண்டாவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, ஆவியாதல் காரணமாயின் ஈரம் உதவவன்றோ வேண்டும் என்று வாதித்தார். தட்டிலுள்ள நீர் தன் உஷ்ணத்தைத் தெளிந்த வானத்தை நோக்கிக் கதிர்களாக வீசி இழக்கிறது. கீழே பரப்பிய உலர்ந்த தட்டைகளோ பூமியின் உஷ்ணம் மேலேறி அந்த இழப்பை ஈடுசெய்யாதபடி தடுக்கின்றன. கல்கத்தாவில் ஹுக்ளி ஐஸ் என்று விற்கப்பட்ட பொருள் இப்படிப் பிறந்ததே. அது அழுக்குப் படிந்த மெல்லிய சில்லுகளாகவும், விலை மிகுந்ததாகவும், சில வாரங்களே கிடைப்பதாகவும் இருந்தது. சென்னைக்கோ அந்த வழியும் இல்லை. இங்கு இரவின் குளிர் போதாது என்பதோடு, கடற்காற்றிலே நிறைந்துள்ள நீராவி பூமியிலிருந்து எழும் கதிர்களை ஏற்றுப் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இனி, ஐஸ் உருகுதல் என்னும் நிகழ்ச்சியின் இரகசியம் வெளிப்பட்ட இடத்துக்குச் செல்வோம். ஸ்காத்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துச் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஜோசப் பிளாக் என்பவர், 1760ஐ அடுத்த ஆண்டுகளில், மிக எளிய கருவிகளைக்கொண்டு ஒரு பரிசோதனை செய்தார். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்து, ஒன்றில் பாரன்ஹீட் மானியில் 33 டிகிரி காட்டும் நீரும், மற்றொன்றில் அதே எடையுள்ள ஐஸும் இருக்கும்படி செய்து, 47 டிகிரி உஷ்ணமுள்ள பெரியதோர் அறையில் இரண்டையும் தொங்கவிட்டார். நீர் இருந்த குடுவை அரை மணி நேரத்தில் 40 டிகிரியை எட்டிற்று. ஐஸ் இருந்த குடுவையோ, முழுதும் உருகி அதே 40 டிகிரிக்கு வருவதற்குப் பத்தரை மணி நேரம் பிடித்தது. அரை மணிக்கு ஏழு டிகிரி வீதம் இருபத்தோர் அரைமணிகளில் அக்குடுவைக்குள் புகுந்த உஷ்ணம் 147 டிகிரிக்குச் சமானம். அதில் நீரைச் சூடாக்கப் பயன்பட்டது 8 டிகிரியே. எஞ்சிய 139 டிகிரியும் எங்கே போயின? உஷ்ணமானியில் அதன் சுவடே இல்லை. திடப்பொருளைத் திரவமாக்கும் காரியத்திலேயே அது மறைந்துவிட்டது என்று பிளாக் தெளிந்தார். இன்றைய கணக்கில் அந்த அளவு 144 பாரன்ஹீட் டிகிரி. அதாவது ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வேண்டும். இதுவே மறைவெப்பம் எனப்படுவது.

இந்த உண்மையின் பெருமையை உணர, அது இல்லாத உலகத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உறைநிலையைத் தொட்டவுடன் சிறிதளவு உஷ்ணத்தாலேயே ஐஸ் முழுதும் நீராகிவிடுமாயின், வசந்தம் பிறந்த சில நாழிகையில் மலைப்பனி அனைத்தும் உருகி நாடுகளை வெள்ளக்காடாக்கிவிடும் என்று பிளாக்கே தம் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டினார். மலைகளைக் காக்கும் அதே தாமதந்தான், அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு வியாபாரியின் சரக்கையும் காத்தது.

அந்த வியாபாரி, 1783இல் பாஸ்டன் நகரத்திற் பிறந்த பிரெடரிக் டியூடர். அவருடைய மாகாணமாகிய மாசசூசெட்ஸில் குளங்களெல்லாம் குளிர்காலத்தில் உறைந்து, எவருக்கும் பயனின்றிக் கோடையில் உருகிப்போவதைக் கண்ட அவர், அந்த ஐஸை உஷ்ணப் பிரதேசங்களில் விற்கலாம் என்று துணிந்து, 1806ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘பேவரிட்’ என்னும் கப்பலில் மார்டினிக் தீவுக்கு ஒரு சுமை ஏற்றிச் சென்றார். ஊரார் நகைத்தனர். சரக்கு தீவு வரையில் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அங்கே அதை இறக்கிவைக்கத் தக்க கிடங்கு இல்லாமையால் கப்பலிலிருந்தே விற்க நேர்ந்து, விற்றது சிறிதும் உருகியது பெரிதுமாக நஷ்டமே மிஞ்சிற்று. கடன் வளர்ந்தது; கடனுக்காகச் சிறை புகவும் நேர்ந்தது. அவர் தளரவில்லை. ஹவானாவில் கிடங்கு கட்டி, உருகிச் சொட்டும் நீரை மணிக்கு எவ்வளவு என்று அளந்து பார்த்து, எந்தப் பொருளால் மூடினால் சொட்டுவது குறைகிறது என்று வைக்கோல், உமி, மரத்தூள் எனப் பலவற்றையும் ஆராய்ந்தார். முடிவில் மரத்தூளே சிறந்தது எனக் கண்டார். மரம் அறுக்கும் ஆலைகள் வேண்டாவென்று கொட்டிய அத்தூள் ஏறக்குறைய விலையின்றியே கிடைத்தது.

மரத்தூள் குளிர்ச்சி தருவதன்று. கம்பளி எவ்வாறு தானாக உஷ்ணத்தைத் தராமல் உடலின் உஷ்ணம் வெளியேறாதபடி மட்டும் காக்கிறதோ, அவ்வாறே மரத்தூளும் வெளியுஷ்ணம் உட்புகாதபடி காவல் செய்கிறது. திடமும் திரவமும் ஆகிய பொருள்களோடு ஒப்பிட்டால் அசையாத காற்று உஷ்ணத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது. ஆனால் காற்றை அசையாமல் நிறுத்திவைத்தல் எளிதன்று. சூடானது மேலே எழ, குளிர்ந்தது கீழே இறங்க, அந்தச் சலனத்தினாலேயே அது உஷ்ணத்தைச் சுமந்து செல்லும். எண்ணற்ற சிறு இடைவெளிகளில் காற்றைச் சிறைப்படுத்தி அச்சலனத்தை ஒடுக்குவதே மரத்தூளின் பணி. தூள் நனைந்துவிட்டால் காற்றின் இடத்தில் நீர் புகுந்து, நீர் காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்திவிடும். ஆதலால் உருகிய நீர் தேங்காமல் வடிந்துபோக வழிசெய்தல் இத்தொழிலில் இன்றியமையாத கட்டளையாயிற்று.

டியூடருக்குத் துணை நின்றவர்களுள் தலைசிறந்தவர் நதேனியல் வயத். கேம்பிரிட்ஜ் நகரத்தை அடுத்த பிரெஷ் குளத்தில், குதிரைகள் இழுக்கும் கலப்பை போன்ற ஒரு கருவியை 1825ஐ ஒட்டி அவர் அமைத்தார். அதன் பற்கள் ஐஸின்மேல் நேர்கோடுகளைக் கீறிச் செல்ல, குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகளில் வாளாலும் கடப்பாரையாலும் பிளந்தால், ஒரே அளவுள்ள சதுரக் கட்டிகள் கிடைக்கும். இதனால் கூலி குறைந்தது என்பது ஒரு லாபம். அதனினும் பெரிய லாபம், இடைவெளியின்றி அடுக்க முடிந்தது. ஓரடிக் கனசதுரக் கட்டிகள் ஆயிரத்தைத் தனித்தனியே பரப்பினால் வெளியுஷ்ணம் தாக்கும் பரப்பு ஆறாயிரம் சதுர அடி. அவற்றையே நெருக்கி ஒரே குவியலாக அடுக்கினால் அறுநூறு சதுர அடிதான். சரக்கு பெருகப் பெருகச் சேதத்தின் விகிதம் குறைவது வேறெந்த வியாபாரத்திலும் காண்பதற்கு அரிது.

குளத்தின் மேலே மட்டும் ஐஸ் படிவதற்கும் காரணம் உண்டு. நீர் 4 டிகிரி சென்டிகிரேடில் மிகுந்த அடர்த்தி பெற்று, அதற்கும் கீழே குளிரும்பொழுது இலேசாகிறது. ஆகவே மிகக் குளிர்ந்த நீர் மேலேயே தங்கி அங்கே உறைகிறது. உறையும் ஒவ்வொரு கிராமும் உருகும்பொழுது வாங்கவேண்டிய அதே 80 கலோரியை வெளிவிட்டாக வேண்டும். அது மேலுள்ள ஐஸ் தட்டின் வழியாகவே காற்றுக்குச் சென்றாக வேண்டும். தட்டு கனக்கக் கனக்க அவ்வழி நீண்டு, உறைதல் மெதுவாகிறது. மேலே விழும் வெண்பனியோ மரத்தூளைப் போலவே காற்றைச் சிறைப்படுத்தி உறைதலைத் தடுப்பதால், குதிரைகளைக்கொண்டு அதை வழித்துத் தள்ளுவது அங்கே குளிர்காலத்து நித்திய வேலையாயிற்று. அமெரிக்கக் குளிர்காலம் டன் டன்னாக நீரிலிருந்து உஷ்ணத்தைப் பறித்து எறிந்த இடத்தில், அந்தப் பற்றாக்குறையையே சரக்காக்கி டியூடர் விற்றார் என்று சொன்னாலும் பொருந்தும்.

1833ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், ‘டஸ்கனி’ என்னும் கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, நான்கு மாதம் பிரயாணம் செய்து, செப்டம்பரில் ஹுக்ளி நதிக்குள் புகுந்தபொழுது, அதில் ஏறக்குறைய 100 டன் ஐஸ் எஞ்சியிருந்தது. கல்கத்தா வாசிகளின் வியப்புக்கும் மகிழ்ச்சிக்கும் அளவில்லை, சுங்கவரி நீக்கப்பட்டது, கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் பிரபு, சரக்கோடு வந்த ரோஜர்ஸ் என்பவருக்கு வெள்ளிக் கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தார். வழியில் உருகிய 80 டன்னும் வீண்போனதாகக் கருதலாகாது. கப்பலின் பலகைகளை ஊடுருவி வந்த உஷ்ணத்தைத் தான் ஏற்று மறைத்துக்கொண்டு, எஞ்சிய நூறு டன்னையும் பூஜ்ய டிகிரியிலேயே நிலைநிறுத்தியது அவ்வாறு உருகிய பகுதியே.

இவ்வாறு வழி திறந்தபின் பம்பாயும் சென்னையும் தொடர்ந்தன. சென்னையில் 1842இல் கடற்கரையை ஒட்டி ஐஸ் கிடங்கு கட்டப்பட்டது. அந்நாளில் இங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைகளுக்கப்பால் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே சீறும் அலைகளினூடே ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தன. துறைமுகம் எழுந்த பின்னரே மணல் சேர்ந்து மெரீனா அகன்றது. அதற்கு முன்பு கடல் கிடங்குக்கு இன்னும் அணித்தாக இருந்தது. வந்திறங்கிய ஐஸை வெயில் படாமல் விரைவில் உட்சேர்க்க அந்த அண்மை உதவியது.

சென்னையில் ஐஸின் முதற்பகை வெயிலன்று, ஈரக்காற்றே. நீராவி குளிர்ந்த பரப்பின்மேற் படிந்து நீராகும்பொழுது, தான் ஆவியானபோது பெற்ற உஷ்ணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அது உருகுதலின் மறைவெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கும் மிகுதி. கதவைத் திறந்ததும் புகுந்த கடற்காற்றிலிருந்து ஒரு கிராம் நீராவி ஐஸின்மேல் படிந்தால் ஏழு கிராம் ஐஸ் கரைந்துபோகும். சன்னல் வைத்துக் காற்றோட்டம் தேடும் நம் ஊர்க் கட்டடங்களுக்கு நேர்மாறாக, கனத்த சுவரும் அடைத்த அமைப்புமாக இக்கிடங்கு எழுந்ததன் காரணம் இதுவே.

இந்த ஐஸ் பொதுஜனங்களின் பண்டமாக ஒருபோதும் இருந்ததில்லை. வெள்ளைக்காரரின் விருந்து மேசைக்கும், ஜுர நோயாளிகளின் நெற்றிக்கும், செல்வர் சிலரின் மாளிகைக்குமே அது சென்றது. ஆயினும் அதன் கீர்த்தி உலகைச் சுற்றிற்று. ‘வால்டன்’ என்னும் நூலில் தோரோ என்னும் அமெரிக்க ஞானி, தம் குடிசையருகே இருந்த குளத்தில் 1846-47 குளிர்காலத்தில் நூறு பேர் வந்து ஐஸ் வெட்டியதை வருணிக்குமிடத்தில், சென்னை மக்களையும் பெயர் சொல்லி நினைக்கிறார். அங்கே பதினாயிரம் டன் இருக்கும் என்று மதித்த ஒரு குவியலை வைக்கோலாலும் பலகையாலும் மூடிவைத்தார்கள். அடுத்த ஜூலையில் மூடியைப் பிரித்து ஒரு பகுதியை எடுத்துச் சென்றபின், மிச்சம் வெயிலிற் கிடந்தும், 1848 செப்டம்பர் வரையில் முற்றும் உருகித் தீரவில்லை என்று அவர் குறித்திருக்கிறார். பிளாக்கின் குடுவை பத்தரை மணி நேரத்திற் சொன்ன உண்மையை அக்குவியல் பதினான்கு மாதம் நின்று சொல்லிற்று.

இத்தகைய வியாபாரம் வீழ்ந்த விதம் அது எழுந்த விதத்தினும் போதனை மிகுந்தது. பிளாக்கின் குருவாகிய வில்லியம் கல்லன், காற்றை நீக்கிய பாத்திரத்தில் ஈதரை வேகமாக ஆவியாக்கிச் சிறிது ஐஸை உண்டாக்கிக் காட்டி, அதனை 1756இல் எழுதி வெளியிட்டிருந்தார். அப்பொழுது அது வகுப்பறை விநோதமாகவே நின்றது. ‘டஸ்கனி’ கல்கத்தாவை அடைந்த மறு ஆண்டே, 1834இல், ஜேக்கப் பெர்கின்ஸ் என்பவர் லண்டனில் ஒரு யந்திரத்துக்கு உரிமை பெற்றார். அவரும் டியூடரைப் போல மாசசூசெட்ஸில் பிறந்தவரே. எளிதில் ஆவியாகும் திரவத்தை ஆவியாக்கி, அதனால் சுற்றியுள்ள உஷ்ணத்தை இழுத்து, அந்த ஆவியை அமுக்கிக் குளிர்வித்து மீண்டும் திரவமாக்கி, அதே திரவத்தை ஓயாமல் சுழலவிடுவது அதன் தத்துவம். அமெரிக்காவில் ஜான் கோரி, ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் ஆகியோர் நூற்றாண்டின் நடுவில் தத்தம் வழியிற் குளிர்யந்திரங்களை இயக்கினர். பிரான்சில் பெர்டினாண்ட் காரே 1859இல் அம்மோனியாவைக் கொண்டுவந்தார். ஒரு கிராம் அம்மோனியா ஆவியாக 300 கலோரிக்கு மேல் உஷ்ணம் வாங்கும். அத்தனையையும் தன் அருகிலுள்ள நீரிலிருந்தே வாங்கி அதை உறையவைக்கும். யந்திர ஐஸ் இந்திய நகரங்களுக்கு வந்தபின், நான்கு மாதம் கடலிற் கரைந்து வரும் ஐஸுக்கு இடமில்லாது போயிற்று. 1880ஐ ஒட்டிச் சென்னைக் கிடங்கு மூடப்பட்டது.

கட்டடம் மட்டும் பிழைத்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த கிடங்குகள் இடிக்கப்பட்டுவிட, சென்னையினது பிலிகிரி ஐயங்கார் என்னும் வக்கீலின் கைக்கு வந்து, அவர் அதில் சன்னல்களும் தாழ்வாரங்களும் அமைத்து, நீதிபதி கெர்னன் பெயரால் காஸில் கெர்னன் என்று வழங்கலானார். மேனாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் இங்கே தங்கினார். அவ்வாண்டே ராமகிருஷ்ணானந்தர் இங்கு தொடங்கிய மடம் சில ஆண்டுகள் இதிலேயே நடந்தது. பின்னர்ச் சகோதரி சுப்பலக்ஷ்மியின் பெருமுயற்சியால் இளம் விதவைகள் கல்வி பெறும் இல்லமாகவும் விளங்கி, 1963இல் விவேகானந்தர் நூற்றாண்டை ஒட்டி இன்றைய பெயரைப் பெற்றது.

உருகுதலின் மறைவெப்பத்தை அனுபவத்தால் அறிந்து, அதன் துணையால் டியூடர் ஒரு பெரிய வியாபாரத்தை நிறுவினார். ஆவியாதலின் மறைவெப்பத்தைக் கருத்தால் அறிந்து, அதன் துணையால் யந்திரம் செய்தோர் அவ்வியாபாரத்தை வென்றனர். இயற்கையின் ஒரே நியதி இருதரப்பிலும் நின்றது. அதை எவ்வளவு முழுமையாக அறிந்தனர் என்பதே வெற்றி தோல்வியை வகுத்தது. பழைய வியாபாரம் போனபோதிலும் அதன் பாடம் போய்விடவில்லை. இன்று தொழிற்சாலையிலிருந்து மீன்பிடித் துறைக்குப் போகும் ஐஸ் பார்களைச் சாக்காலும் உமியாலும் மூடிக்கொண்டு செல்லும் தொழிலாளி, ஹவானாவில் சொட்டு நீரை அளந்து கண்ட அதே அறிவைத்தான் கையாள்கிறார்.

ஆகவே நம் பள்ளிக்கூடங்களில் 80 கலோரி என்னும் எண்ணை மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடாமல், பிளாக் செய்ததையே மாணவர்களைச் செய்யச் சொல்லுதல் நலம். அதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டுவதில்லை: ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஓர் உஷ்ணமானி, ஒரு கடிகாரம், ஒரு பிடி ஐஸ், அதே எடையில் ஐஸிலிட்டுக் குளிர்வித்து வடித்த நீர் ஆகியவையே போதும். பூஜ்ய டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு வர நீர் எடுத்துக்கொள்ளும் காலத்தைக் குறித்துக்கொண்டு, ஐஸ் உருகி அதே 5 டிகிரிக்கு வர எத்தனை மடங்கு காலமாகிறது என்று கணக்கிட்டால், விடை ஏறத்தாழ பதினேழு மடங்காக வரும். அந்தப் பதினேழைத் தன் கையால் அளந்து கண்ட பிள்ளைக்கு, ஒரு கப்பல் நிறைய ஐஸ் பாஸ்டனிலிருந்து சென்னைக்கு எப்படி வந்தது என்பதை வேறொருவர் விளக்கவேண்டிய அவசியமே இராது.